அவருக்கு எக்கோ, எனக்கு கேஸ் மாத்திரையா?

கேள்வி: எனக்கு 53 வயது. கோவில்பட்டி பக்கத்தில் ஒரு கிராமம். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரருக்கு எனக்குப் பிறகுதான், ஐந்து வருடத்துக்கு முன்பு, சர்க்கரை வந்தது. அவருக்கு வருடத்துக்கு ஒருமுறை இ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுக்கிறார்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையும் உண்டு. எனக்குச் சாப்பிடும் முன், சாப்பிட்ட பின் என்று சர்க்கரை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு மாதமாக மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால் மூச்சு வாங்குகிறது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஒரு கனம்; சில நாள் தாடை வரை இழுக்கிறது. கொஞ்சம் நின்றால் சரியாகிவிடுகிறது. டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, நார்மல், கேஸ்தான் என்று மாத்திரை கொடுத்தார். ஒரு மாதம் சாப்பிட்டும் குறையவில்லை. “பொம்பளைகளுக்கு ஹார்ட் அட்டாக் அவ்வளவு லேசில் வராது, இது மாதவிடாய் நின்ற கோளாறு” என்கிறார் நாத்தனார். இரண்டாவது பிரசவத்தின்போது சர்க்கரை இருந்து, பிள்ளை பிறந்ததும் சரியாகிவிட்டது. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் இரண்டு தடவை படித்தேன். ‘கொஞ்சம் நின்றால் சரியாகிவிடுகிறது.’ மாடி ஏறினால் வருகிறது, நின்றால் போகிறது. கேஸுக்கு மாடிப்படி தெரியாது, சகோதரி. அது சாப்பாட்டைப் பார்த்து வரும், படுத்தால் வரும், குனிந்தால் வரும். உடம்புக்கு வேலை கொடுக்கும்போது வந்து, வேலையை நிறுத்தினால் போகிற கனம், அது நெஞ்சில் இருந்தாலும் முதுகில் இருந்தாலும் தாடையில் இருந்தாலும், இதயத்துக்குப் போகிற ரத்தம் போதவில்லை என்றுதான் நாங்கள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று பரிசோதனையில் தெரிந்த பிறகு வேறு காரணம் தேடலாம்.

அதனால் மீதியைப் படிப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நாளைக்கே ஒரு இதய மருத்துவரைப் பாருங்கள். அடுத்த வாரம், பௌர்ணமி கழித்து, பேத்தி பரீட்சை முடிந்து என்றெல்லாம் தள்ள வேண்டாம். வசதி இல்லையென்றால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். இதயப் பிரிவும், இதயக் குழாய் அடைப்பைப் படமெடுத்துச் சரிசெய்கிற கேத் லேபும் அங்கே இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். அதுவரை மாடி ஏற வேண்டாம், தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம், “நடந்தால் சரியாகும்” என்று யார் சொன்னாலும் வேகநடை வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அந்தக் கனம் வந்தாலோ, பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, கூடவே குளிர்ந்த வியர்வையோ குமட்டலோ இருந்தாலோ 108க்குக் கூப்பிடுங்கள். மகனுடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து போகக் கூடாது. ஓமத் தண்ணீர், சோடா, இஞ்சிச் சாறு எதுவும் வேண்டாம். அவற்றைத் தயாரிக்கிற நேரத்தில் ஆம்புலன்ஸ் பாதி தூரம் வந்திருக்கும். 108 முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனால் பயப்பட வேண்டாம். மாரடைப்பு என்று தெரிந்தால் முதல் டோஸ் மாத்திரைகளை அங்கேயே கொடுத்து அனுப்புகிற ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023இலிருந்து நடக்கிறது.

சரி, இ.சி.ஜி. நார்மல் என்றார்களே என்று கேட்பீர்கள். உங்களைப் படுக்க வைத்து, அசையாமல் இருங்கள் என்று சொல்லித்தானே எடுத்தார்கள்? கிணற்று மோட்டாரை ஓடவிடாமலே நல்ல மோட்டார் என்று எழுதிக் கொடுப்பது மாதிரிதான் அது. லோடு ஏறும்போதுதான் வண்டவாளம் தெரியும். கனம் இருக்கிற அந்த நேரத்தில் எடுத்த இ.சி.ஜி.க்கு மதிப்பு அதிகம். கனம் போய் மூன்று நாள் கழித்து எடுத்தது நார்மலாக இருந்தால், அந்தத் தாளைக் காட்டி யாரும் உங்களுக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது.

உங்கள் டாக்டரை நான் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு முன்பு தாடை வலி என்று ஒரு அம்மா வந்தார். அறுபதுக்குப் பக்கத்தில் வயது, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவர், பத்து வருடச் சர்க்கரை. வாயைத் திறந்து பார்த்தேன், கடைவாய்ப் பல் சொத்தையாக இருந்தது. பல் டாக்டரிடம் அனுப்பினேன். பல்லைப் பிடுங்கினார்கள். பத்து நாள் கழித்து மறுபடி வந்தார்: “பல்லு போயிட்டும்மா, வலி போகல.” ஒரு வலி மாத்திரை எழுதினேன். மூன்றாவது தடவை அவரை மகன் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு ஓடினாராம். அப்போதுதான் கேட்டேன், வலி எப்போது வரும் என்று. “அரிசி மூட்டையை நகர்த்தும்போது” என்றார். அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது நான். பிழைத்துக்கொண்டார், ஆனால் எக்கோவில் இதயம் பம்ப் செய்கிற திறன் 35 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது. நல்ல இதயத்துக்கு 55க்கு மேல் இருக்கும். அந்தச் சத்துணவு அம்மா ஒரு ஆணாக இருந்திருந்தால், பத்து வருடச் சர்க்கரையோடு தாடை வலி என்று வந்து நின்றிருந்தால், நான் பல்லைப் பார்த்திருப்பேனா? மாட்டேன். முதலில் இ.சி.ஜி.தான் எடுத்திருப்பேன்.

இனி நாத்தனார் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. சர்க்கரை இல்லாத பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களைவிடச் சுமார் ஏழு முதல் பத்து வருடம் தள்ளித்தான் வருகிறது. மாதவிடாய் இருக்கிற காலம் வரை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ரத்தக் குழாய்களுக்கு ஓரளவு காவலாக இருக்கிறது என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் சர்க்கரை வந்த பெண்ணுக்கு இந்தச் சலுகை கிடையாது. மாதவிடாய் நிற்பதற்கு முன்பே அது பறிபோய்விடுகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஃபிரமிங்ஹாம் என்று ஒரு ஊர். 1948இல் அந்த ஊர்க்காரர்களைத் தேர்ந்தெடுத்து, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை எல்லாவற்றையும் எழுதி வைத்து, யாருக்கு எப்போது இதய நோய் வருகிறது என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே வந்தார்கள். அதை நடத்திய வில்லியம் கேனலும் அவருடைய கூட்டாளிகளும் 1970களிலேயே எழுதிவிட்டார்கள்: சர்க்கரை உள்ள பெண்ணுக்குப் பெண் என்ற பாதுகாப்பு இல்லை. இதயம் பலவீனமாகிற நோயை மட்டும் எடுத்துக்கொண்டால், சர்க்கரை உள்ள ஆணுக்கு அது இல்லாத ஆணைவிட இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். பெண்ணுக்கு ஐந்து மடங்கு. ஐம்பது வருடம் ஆகிவிட்டது. ஓ.பி. சீட்டு எழுதுகிற கைக்கு இன்னும் அது வந்து சேரவில்லை.

2014இல் 64 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி, எட்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களின் கணக்கைப் பார்த்தார்கள். சர்க்கரை உள்ள ஆணுக்கு இதய ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு, சர்க்கரை இல்லாத ஆணைப்போல் 2.16 மடங்கு. பெண்ணுக்கு, சர்க்கரை இல்லாத பெண்ணைப்போல் 2.82 மடங்கு. வயது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் போன்றவற்றைச் சரிக்கட்டிப் பார்த்தாலும், சர்க்கரையால் ஆபத்து ஏறுகிற மடங்கு ஆணைவிடப் பெண்ணுக்கு 44 சதவீதம் அதிகம். இதை ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை உள்ள பெண்களுக்கு ஆண்களைவிட அதிக மாரடைப்பு வருகிறது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆண்களுக்குத் தொடக்கத்திலேயே ஆபத்து அதிகம், அது சர்க்கரையால் இன்னும் ஏறுகிறது. பெண்களுக்குக் குறைவாக இருந்தது, அது பல படி ஏறி ஆண்களுக்குக் கிட்டே போய்விடுகிறது. ஆக உங்களையும் வீட்டுக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால், அவரைவிட நான்கு வருடம் அதிகமாகச் சர்க்கரையோடு வாழ்கிற உங்களுக்கு அவருக்குச் செய்கிற சோதனைகளைச் செய்யாமல் விட ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஏன் பெண்களுக்கு இப்படி என்றால், ஒரு காரணம் சர்க்கரை வருவதற்கு முந்தைய காலத்தில் இருக்கிறது. ஆணுக்கு வயிற்றில் கொஞ்சம் கொழுப்பு சேர்ந்ததுமே சர்க்கரை வந்துவிடுகிறது. பெண்ணின் உடம்பு இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பை ஒதுக்கி வைத்து இன்னும் பல வருடம் சமாளிக்கும். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சமாளிப்புக் காலத்தில் ரத்த அழுத்தம் மெல்ல ஏறும், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும். சர்க்கரை என்று ஒரு நாள் ரிப்போர்ட்டில் வரும்போது ஆணைவிட அவளுடைய ரத்தக் குழாய்கள் அதிகமாக அடிபட்டிருக்கும். கண்டுபிடித்தது ஒன்பது வருடத்துக்கு முன்பு என்றால், கெடுதல் தொடங்கியது அதற்கும் முன்பு.

இன்னொன்று, நீங்களாகவே கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரி. இரண்டாவது பிரசவத்தில் சர்க்கரை இருந்து சரியாகிவிட்டது என்கிறீர்கள். சரியாகவில்லை, சகோதரி. அன்றைக்கே உங்கள் உடம்பு முன்கூட்டித் தகவல் சொன்னது. நம்மில் யாரும் குறித்து வைக்கவில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு ஏழு மடங்கு என்று ஒரு பெரிய தொகுப்பாய்வு சொன்னது. இதய நோய் வாய்ப்பு இரண்டு மடங்கு. நிரந்தரச் சர்க்கரை வராமல் தப்பியவர்களுக்கும்கூட அது கூடுதல்தான். நம் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா இதற்காகவே வாழ்நாள் முழுக்கப் பேசினார். வெறும் வயிறா இல்லையா என்று பார்க்காமல் 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று சொல்லும் எளிய சோதனை அவர் பரப்பியது. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். இதய மருத்துவரிடம் போகும்போது இந்த விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள், பெரும்பாலும். உங்களுக்கு மகள் இருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்கட்டும். கர்ப்பம் தரித்ததும் முதல் மாதங்களிலேயே அவள் சர்க்கரை பார்க்க வேண்டும்.

அடுத்தது நோய் காட்டிக்கொள்ளும் விதம். சினிமாவில் மாரடைப்பு வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள். நெஞ்சு வலிதான் பெண்களுக்கும் முதன்மையான அறிகுறி, அதை மறக்கக் கூடாது. ஆனால் ஆண்களைவிடப் பெண்களுக்கு மூச்சிரைப்பு, குமட்டல், தாடை, முதுகு, காரணமில்லாத அசதி இவை அடிக்கடி கூட வரும். சில சமயம் இவை மட்டுமே வரும். அதோடு பல வருடச் சர்க்கரை, பாதத்து நரம்பை மரக்க வைப்பது மாதிரி, இதயத்திலிருந்து வலியைச் சொல்கிற நரம்பையும் மங்க வைத்துவிடும். வலி இல்லாமலே மாரடைப்பு வந்து போன தழும்பை இ.சி.ஜி.யில் பார்த்து, “உங்களுக்கு எப்போது அட்டாக் வந்தது?” என்று கேட்டால் நோயாளி விழிப்பார். யோசித்து, “போன ஆடியில ஒரு நாள் ரொம்ப அசதியா இருந்துச்சு, ஊருக்குப் போன அலுப்புன்னு படுத்துட்டேன்” என்பார்.

நம் வீடுகளில் பெண்கள் கிளம்பி வருகிற விதம் வேறு. இரவு பதினொரு மணிக்கு வந்த ஒரு அம்மாவிடம் எப்போது தொடங்கியது என்றேன். சாயங்காலம் நான்கு. அப்புறம் ஏன் இப்போது? ஊற வைத்த அரிசியை அரைக்காமல் விட்டால் காலையில் இட்லிக்கு மாவு இருக்காது. ஆட்டி, உப்பு போட்டுக் கரைத்து வைத்து, கிரைண்டரைக் கழுவிவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் நகத்தில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. அடைத்த குழாயைத் திறப்பதில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இதயத் தசை கணக்குப் பார்க்கும். ஏழு மணி நேரம் அவர் இட்லிக்குக் கொடுத்தார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை, அவர் மேல் இல்லை, வீட்டில் இருந்த மற்ற நான்கு பேர் மேல்.

மாதவிடாய் நின்ற கோளாறா என்பதற்கும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து உஷ்ணம் திடீரென்று முகத்திலும் கழுத்திலும் ஏறும், வியர்க்கும், சில நிமிடத்தில் இறங்கும். உட்கார்ந்திருந்தாலும் வரும், தூக்கத்திலும் வரும். படி ஏறினால் மட்டும் வருவது அது இல்லை. ஈஸ்ட்ரோஜன்தான் காவல் என்றால் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் இதயம் தப்புமா என்று படித்த பெண்கள் கேட்பார்கள். இதயத்தைக் காக்க என்று அதைச் சாப்பிடக் கூடாது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த பகுதியை 2002இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். நன்மையைவிடக் கெடுதல் அதிகம் தெரிந்தது.

இதய மருத்துவரிடம் என்ன நடக்கும்? வாய் திறந்ததும் “கேஸ்” என்ற சொல்லை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பாதி டாக்டர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள். “ஒன்பது வருடமாகச் சர்க்கரை. படி ஏறினால் மூச்சும் முதுகில் கனமும் வருகிறது. நின்றால் போகிறது. இரண்டு மாதமாக” என்று இந்த நாலு வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். எக்கோ எடுப்பார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள், மூச்சிரைப்புக்கு ரத்தசோகையும் ஒரு காரணம் என்பதால். இதயம் சுருங்கும் திறன் சரியாக இருந்து, விரிவதில் மட்டும் விறைத்துப்போகிற ஒரு வகை பலவீனம் சர்க்கரையுள்ள பெண்களிடம் அதிகம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டித் தலையணை கூட்டி வைக்கிறீர்களா, சாயங்காலம் செருப்பு வார் பதிந்து காலில் தடம் விழுகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள்.

ஓடும் பட்டையில் நடக்க வைத்து இ.சி.ஜி. பார்க்கிற டிரெட்மில் சோதனை வைக்கலாம் என்று அவர் நினைத்தால், சேலையோடு போகாதீர்கள். சுடிதாரும், காலைக் கவ்வுகிற ஷூவும் வேண்டும். கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை இன்னொரு கையால் இறுக்கிக்கொண்டு, மூன்று நிமிடத்தில் பயந்து நிறுத்தச் சொல்லிவிடும் பெண்களை வாரம் ஒருவராவது பார்க்கிறோம். ‘போதிய அளவு நடக்கவில்லை’ என்று எழுதிய அந்த ரிப்போர்ட்டால் எந்தப் பயனும் இல்லை, ஆனால் வீட்டில் அதை ‘டெஸ்ட் பாஸ்’ என்று வைத்துக்கொள்வார்கள். டிரெட்மில் பெண்களிடம் சில நேரம் இல்லாத அடைப்பை இருப்பதாகவும் காட்டும். முழங்கால் வலி இருந்தால் ஊசி போட்டு இதயத்தை ஓடவிட்டு எக்கோ எடுக்கிற வழி இருக்கிறது. இதய ரத்தக் குழாய்களை ஸ்கேனில் படம் எடுக்கிற சி.டி. ஆஞ்சியோ இன்னொரு வழி. அதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்கிற கிரியேட்டினின் பார்ப்பார்கள், மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டுமா என்று அந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்வார்கள். உங்கள் கதையைக் கேட்டுவிட்டு நேரே ஆஞ்சியோகிராம் என்று சொன்னாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆஞ்சியோவில் பெரிய அடைப்பு இல்லை என்று வந்தால் அதோடு கதை முடிந்துவிடாது. கோவில்பட்டிக்காரர்களுக்குத் தண்ணீர்க் குழாயைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? மெயின் குழாயில் தண்ணீர் வரும், உங்கள் தெருக் குழாயில் வராது. ஆஞ்சியோ காட்டுவது மெயின் குழாயை. அதிலிருந்து பிரிகிற முடி போன்ற நுண்குழாய்கள் சர்க்கரையால் கெட்டால் படத்தில் தெரியாது, கனம் மட்டும் இருந்துகொண்டே இருக்கும். இது பெண்களிடம் அதிகம். அடைப்பைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் வைக்க இடமில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. அதற்கு மாத்திரைகள் உண்டு.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். நாற்பது வயது தாண்டிய சர்க்கரைக்காரர் எவருக்கும், ஆணோ பெண்ணோ, ஸ்டாடின் என்கிற கொலஸ்ட்ரால் மாத்திரையைப் பொதுவாகப் பரிந்துரைக்க வேண்டும். ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் நார்மல் என்று அச்சடித்திருந்தாலும் சரி. அந்த நார்மல் சர்க்கரை இல்லாதவர்களுக்கான அளவு. கெட்ட கொலஸ்ட்ரால் எல்.டி.எல். உங்களுக்கு 70க்குக் கீழே இருப்பது நல்லது. அடைப்பு இருப்பது உறுதியானால் 55க்குக் கீழே கொண்டுபோகச் சொல்வார்கள். உங்களுக்கு ஏன் இதுவரை எழுதவில்லை என்று கேளுங்கள், உரிமையோடு கேளுங்கள். கை கால் வலிக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சிலருக்கு வரும், மருந்தையோ அளவையோ மாற்றினால் சமாளிக்கலாம். சர்க்கரையும் இம்மி ஏறும். அந்த மாத்திரையால் கிடைக்கிற பலனோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் வீட்டுக்காரருடைய மாத்திரைப் பட்டையிலிருந்து ஒன்றை உடைத்து நீங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். இதைச் சும்மா சொல்லவில்லை, கணவருக்கு எழுதிய மருந்து மாதக் கடைசிக்குள் தீர்ந்துபோகிற வீடுகள் எனக்குத் தெரியும். ஆஸ்பிரினும் அப்படித்தான், வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும், இதய மருத்துவர் சொன்னால் மட்டும்.

உங்கள் சர்க்கரை மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுகிற டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இதயம் பலவீனமாவதையும் சிறுநீரகம் கெடுவதையும் குறைக்கின்றன. ஒரு காலத்தில் விலை கையைக் கடித்தது. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இல் முடிந்த பிறகு பல கம்பெனிகள் தயாரித்து விலை நன்றாக இறங்கிவிட்டது. உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இதில் பெண்களுக்கு ஒரு தொல்லை உண்டு: சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சை வந்து அரிக்கும். நிறைய பெண்கள் இதை ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, “மாத்திரை ஒத்துக்கல” என்று நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீர் நன்றாகக் குடித்து, ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைத்து, வந்தால் ஒரு களிம்பில் சரிசெய்துகொள்ளலாம். நர்ஸிடமாவது சொல்லுங்கள்.

ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழே இருக்க வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7 சதவீதத்துக்குப் பக்கத்தில். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். அது சிறுநீரகச் சோதனை மட்டுமில்லை, ரத்தக் குழாய்கள் முழுக்கக் கெட்டிருக்கின்றனவா என்று உளவு சொல்லும். வயிற்றுச் சுற்றளவு நம் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் என்பார்கள். தையல்காரர் டேப்பை உள்பாவாடை நாடா பதிந்திருக்கிற இடத்தில் வைத்து அளந்து குறைத்துக் காட்டுவது பழைய தந்திரம். நாடாவை அவிழ்த்துவிட்டு, தொப்புள் மட்டத்தில் அளக்க வேண்டும்.

சாப்பாட்டில் உங்கள் ஊர் விஷயம் ஒன்று மட்டும். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாய், எனக்கும் பிடிக்கும். வெல்லம்தானே, சீனி இல்லையே என்று தினமும் இரண்டு வாயில் போட்டுக்கொண்டால் ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கடலையை வறுத்துத் தனியாகக் கொறியுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் ஒளிந்திருக்கிற உப்பைக் குறையுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால், எழுதவில்லை நீங்கள், ஆனால் உங்கள் வயதில் பலருக்கு உண்டு, அதை இன்றைக்கே விடுங்கள்.

கடைசியில் பாதயாத்திரை. இந்த வருடம் நடக்க வேண்டாம். கோவில்பட்டியிலிருந்து திருச்செந்தூர் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். மாடி ஏறினாலே மறுக்கிற இதயத்தோடு, ஒன்பது வருடச் சர்க்கரை மரக்கவைத்திருக்கக் கூடிய பாதத்தோடு, செருப்பில்லாமல் தார் ரோட்டில் நடப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மாலை போட்டு ஒருவேளைச் சாப்பாடு என்றால் கிளிமிபிரைடு சாப்பிடுகிற உங்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும். அந்தப் படபடப்பும் வியர்வையும் இதயக் கோளாறு மாதிரியே இருக்கும், இதயத்துக்கும் அது நல்லதில்லை. பரிசோதனை முடிந்து, டாக்டரும் சரி என்றால் பஸ்ஸில் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். நடக்கிற வேண்டுதலை அடுத்த தைக்குத் தள்ளி வைக்கலாம். அப்போது இதயம் எவ்வளவு தாங்கும் என்று கையில் ரிப்போர்ட் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யலாம். கூட வர வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள், இதய மருத்துவரிடம் போகும்போதும் சரி. அவருடைய ஃபைலையும் எடுத்துவரச் சொல்லுங்கள். அவருக்கு என்னென்ன சோதனை எழுதியிருக்கிறதோ அதைக் காட்டி, “இதெல்லாம் எனக்கும் பார்க்க வேண்டும்” என்று கேளுங்கள்.